நத்தாரைத் தடைசெய்த பாராளுமன்றம்
(17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இயேசு பிறப்பு விழா பற்றிய ஒரு நோக்கு)

இயேசுவின் பிறப்பை எதிர்கொண்ட மனிதர் அனைவரும் ஒரே வகையாக எதிர்கொண்டனர் என நற்செய்தி நூல்களே கூறவில்லை. மத்தேயுவின் நூலிற் கீழ்த்திசை ஞானியர் நெடுந்தூரம் நடந்து வந்து காணிக்கை செலுத்துகின்றனர். அதே செய்தியைக் கேட்ட ஏரோது மன்னன் கலங்கிப் படைவீரரை ஏவுகின்றான். பிறப்பிடம் பெத்லகேம் என மறைநூலைப் புரட்டித் திருத்தமாக எடுத்துரைத்த எருசலேமின் அறிஞர்களோ, ஆறு மைல் தொலைவுதானும் நடந்து சென்று பார்த்தனர் என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. லூக்காவின் நூலில் இடையர் ஓடோடிச் செல்கின்றனர்; தாய் மரியாள் யாவற்றையும் உள்ளத்துள் வைத்துச் சிந்திக்கின்றாள். நான்கு நற்செய்தியாளருள் மாற்கும் யோவானும் பிறப்பு வரலாற்றையே கூறாது தம் நூல்களைத் தொடங்குகின்றனர். வழிபாடு, பகைமை, அறிந்தும் அசையாமை, மௌனம் ஆகிய நான்கும் மூல நூல்களிலேயே இடம்பெற்றுள்ளன. பின்வந்த நூற்றாண்டுகள் இவற்றோடு ஐந்தாவதொன்றைச் சேர்த்தன. பிறப்பினை முழுமனதோடு நம்பியவர்களே அப்பிறப்பின் விழாவைக் குற்றமெனச் சட்டம் இயற்றியமையே அது. இக்கட்டுரை பெரும்பாலும் அதனையே பொருளாகக் கொள்கின்றது.

முதற்கண் ஒன்றினைத் தெளிவுபடுத்தல் வேண்டும். ஆதித் திருச்சபை நத்தார் விழாவை அறியாதது. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரிஜன் என்னும் பேரறிஞர், மறைநூலிற் பிறந்தநாள் கொண்டாடியோர் பாரவோன், ஏரோது போன்ற பாவிகளேயன்றி நீதிமான்கள் அல்லர் எனச் சுட்டிக்காட்டினார். அவருக்குச் சற்று முன்னர் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கிளெமென்ற், இயேசு பிறந்த நாளைக் கணிக்க முயன்றோரைப் பற்றிக் குறிப்பிடுகையில் அவர்கள் கூறிய பல்வேறு நாள்களைத் தருகின்றார். டிசெம்பர் 25 அவற்றுள் இல்லை. டிசெம்பர் 25ஐ உறுதியாகத் தரும் மிகப் பழைய சான்று, உரோமில் 354ஆம் ஆண்டில் தொகுக்கப்பெற்ற ஓர் ஆண்டுக்குறிப்பு நூலாகும். அதன் உள்ளமைப்பை நோக்கி, அச்செய்தி 336ஆம் ஆண்டளவிலேயே எழுதப்பட்டிருத்தல் வேண்டும் என ஆய்வாளர் கருதுவர். 386ஆம் ஆண்டில் அந்தியோக்கியாவிற் பிரசங்கம் செய்த யோவான் கிறிசொஸ்தொம், இவ்விழா அந்நகருக்கு அறிமுகமாகிப் பத்து ஆண்டுகள்தாமும் நிறையவில்லை என வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கின்றார். கீழைத் திருச்சபைகள் ஜனவரி 6ஆம் நாளை முதன்மைப்படுத்தின. ஆர்மேனியத் திருச்சபை இன்றும் அந்நாளிலேயே பிறப்பு விழாவைக் கொண்டாடுகின்றது.

டிசெம்பர் 25 ஏன் தெரிவுசெய்யப்பட்டது என்ற வினாவுக்கு இரு விடைகள் உள. அவ்வேளையில் உரோமர் கொண்டாடிய வெல்லற்கரிய ஞாயிற்றின் விழாவைத் திருச்சபை தனதாக்கிக்கொண்டது என்பது ஒன்று. இயேசு கருவுற்ற நாளும் இறந்த நாளும் மார்ச் 25 என ஒன்றாகக் கொண்டு, அதிலிருந்து ஒன்பது மாதங்களை எண்ணிப் பெற்ற நாளே இது என்பது மற்றையது. இவ்விவாதம் இன்னும் முடிவுறவில்லை. எமது நோக்கத்திற்கு அது முடியவேண்டிய அவசியமும் இல்லை. விழா புறச்சமயத்திலிருந்து வந்தது என 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளின் சீர்திருத்தவாதிகளுட் பலர் நம்பினர் என்பதே ஈண்டு முக்கியமானது.

சீர்திருத்த இயக்கம் எங்கும் ஒரே முடிவுக்கு வரவில்லை. லூதரின் வழிவந்தோர் விழாவை விரும்பிப் பேணினர். கல்வினின் வழியைத் தழுவிய ஸ்கொத்லாந்தில், 1560ஆம் ஆண்டிலேயே சீர்திருத்தத் தலைவர்கள் பிறப்பு விழாவை மறைநூலின் ஆதாரமற்ற மனிதக் கற்பனையென ஒதுக்கினர். இங்கிலாந்தின் திருச்சபையோ இரண்டுக்கும் இடைப்பட்டு நின்றது. கோட்பாட்டிற் சீர்திருத்தத்தையும் வழிபாட்டில் பழைய ஆண்டு ஒழுங்கையும் அது ஒருங்கே வைத்துக்கொண்டது. முதலாம் ஜேம்ஸ் மன்னனின் அரசவையில் ஆயர் லான்சலொற் அன்ட்ரூஸ் 1605 முதல் 1624 வரை பதினேழு நத்தார்ப் பிரசங்கங்களை நிகழ்த்தினார். ஞானியரின் கடுங்குளிர்ப் பயணத்தை விரித்துரைத்த 1622ஆம் ஆண்டுப் பிரசங்கத்தின் சொற்களிலிருந்தே ரி. எஸ். எலியற் 1927இல் வெளியிட்ட கவிதை தொடங்குகின்றது என்பதை ஆங்கில இலக்கிய மாணவர் அறிவர்.

அரசவையிற் பிரசங்கம் நிகழ்ந்தது; நாட்டுப்புறத்தில் நிகழ்ந்ததோ வேறு. அக்காலத்து நத்தார் ஒருநாள் விழா அன்று; டிசெம்பர் 25இல் தொடங்கிப் பன்னிரண்டு நாள்கள் நீடித்தது. மாரிக்காலத்தில் வயல் வேலை குறைவு. ஆண்டிறுதியில் வெட்டப்பட்ட இறைச்சியும் புதிதாக வடித்த மதுவும் கையிருப்பில் இருந்தன. வீடுகளும் கோயில்களும் ஹொலி, ஐவி முதலிய பசுந்தழைகளால் அலங்கரிக்கப்பட்டன. நிலவுடைமையாளன் தன் குடியானவர்க்கு விருந்தளிப்பது வழமையால் விதிக்கப்பட்ட கடமையாகும். ஸ்துவார்ட் மன்னர்கள் பிரபுக்களை இலண்டனைவிட்டு வெளியேறித் தத்தம் கிராமங்களுக்குச் சென்று நத்தார் விருந்தோம்பலை நடத்துமாறு மீண்டும் மீண்டும் பிரகடனம் விடுத்தனர். இப்பிரகடனங்களைப் பக்தியின் வெளிப்பாடு எனக் கொள்வது வெகுளித்தனமாகும். ஆண்டு முழுவதும் உழைத்துக் கொடுத்தவனுக்கு ஆண்டில் ஒருமுறையேனும் வயிறார உணவிடுவது நிலமானிய ஒழுங்கின் பாதுகாப்புக்கு வேண்டப்பட்ட ஒன்று.

இந்த விழாவையே தூய்மைவாதிகள் எனத் தமிழிற் கூறத்தக்க பியூரிட்டன்மார் எதிர்த்தனர். அவர்களை மகிழ்ச்சியின் பகைவராகச் சித்திரிப்பது பிற்கால நகைச்சுவையாளருக்கு எளிதாயிற்று. ஆயின் அவர்தம் வாதங்கள் எளிதில் தள்ளத்தக்கன அல்ல. மறைநூல் பிறந்த நாளைக் கூறவில்லை. அதனைக் கொண்டாடுமாறு பணிக்கவும் இல்லை. இறைவன் விதித்த புனித நாள் ஓய்வுநாள் ஒன்றே. அதனைக் கைவிட்டுத் தானே விதித்துக்கொண்ட நாளைக் கொண்டாடும் மனிதன், இறைவனின் அதிகாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்கின்றான். மேலும், ஆங்கிலச் சொல்லான கிறிஸ்மஸ் என்பதன் ஈறு கத்தோலிக்கத் திருப்பலியைக் குறிப்பது. ஆகவே சொல்லே பாப்பரசரின் சொல் என்றனர். (எமது நாட்டில் வழங்கும் நத்தார் என்ற சொல் பிறப்பு எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. கத்தோலிக்கர் கொணர்ந்த அச்சொல் இங்கிலாந்தில் வழங்கியிருப்பின் தூய்மைவாதிகளுக்கு ஒரு குற்றச்சாட்டாவது குறைந்திருக்கும்!) பிலிப் ஸ்ரப்ஸ் 1583இல் வெளியிட்ட நூலில், நத்தார்க் காலத்துச் சூதும் குடியும் களியாட்டமும் ஆண்டின் ஏனைய காலத்தை விஞ்சுவதை வன்மையாகக் கண்டித்தார். நாடகத்தைத் தாக்கி 1633இல் வெளிவந்த பெருநூலில் வில்லியம் பிறின், நத்தார்க் களியாட்டத்தை உரோமரின் சற்றர்னேலியா விழாவோடு ஒப்பிட்டார். அந்நூல் அரசியை இழிவுபடுத்தியதெனக் கொண்டு அரசு அவரது காதுகளை அறுத்தது. கருத்தைத் தண்டிப்பதில் எத்தரப்பும் பின்னிற்கவில்லை என்பதை நினைவிற் கொள்ளல் நன்று.

தூய்மைவாதத்தின் மிகச்சிறந்த கவிஞரான மில்ற்றன், தமது இருபத்தோராம் வயதில், 1629ஆம் ஆண்டு நத்தாரின்போது, கிறிஸ்து பிறந்த காலையைப் பற்றி ஒரு பாடல் இயற்றினார். குழந்தை பிறந்ததும் புறச்சமயத் தெய்வங்கள் யாவும் தத்தம் கோயில்களை விட்டு ஓடுவதாக அதிற் பாடினார். இருபது ஆண்டுகளின் பின்னர் அவர் நத்தாரைத் தடைசெய்த அரசில் அயல்மொழிச் செயலாளராகப் பதவி வகித்தார். இதனை முரண்பாடு எனப் பலர் கருதுவர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. பிறப்பு புறச்சமயத்தை விரட்டியது என்பதே பாடலின் பொருள். விழாவில் எஞ்சியிருந்த புறச்சமயத்தை விரட்டுவதே தடையின் பொருள். ஒரே எண்ணம் ஓரிடத்திற் கவிதையாகவும் மற்றோரிடத்திற் சட்டமாகவும் வடிவெடுத்தது. கவிதையாக நின்றபோது அது எவர் வீட்டுக் கதவையும் தட்டவில்லை என்பதே வேறுபாடு.

1642இல் மன்னன் சார்ள்ஸுக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையே போர் மூண்டது. மறு ஆண்டு ஸ்கொத்லாந்தருடன் பாராளுமன்றம் உடன்படிக்கை செய்துகொண்டது. திருச்சபையை மேலும் சீர்திருத்துவது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. 1643 டிசெம்பர் 25இல் இலண்டனிற் சில தூய்மைவாத வணிகர் வேண்டுமென்றே கடைகளைத் திறந்தனர். தொழில் பயிலும் இளைஞர் திரண்டு அவற்றை மூடச்செய்தனர். 1644இல் ஓர் இக்கட்டு எழுந்தது. ஒவ்வொரு மாதத்தின் இறுதிப் புதன்கிழமையும் நாட்டின் பாவங்களுக்காக நோன்பிருத்தல் வேண்டும் என்பது பாராளுமன்றத்தின் விதி. அவ்வாண்டு டிசெம்பர் 25 அந்தப் புதன்கிழமையில் வந்தது. விருந்தா, நோன்பா? நோன்பே எனப் பாராளுமன்றம் கட்டளையிட்டது. அதுமட்டுமன்றி, கிறிஸ்துவை நினைவுகூர்வதாகச் சொல்லிக்கொண்டு அவரை மறந்த முன்னோரின் பாவத்துக்காகவும் வருந்துமாறு பணித்தது. 1645 ஜனவரியில் பழைய மன்றாட்டு நூலுக்குப் பதிலாகப் புதிய வழிபாட்டு வழிகாட்டி ஏற்கப்பட்டது. அதில் நத்தாருக்கு இடமில்லை. 1647 ஜூன் மாதத்திற் பிறந்த சட்டம் நத்தார், உயிர்த்தஞாயிறு, பெந்தெகொஸ்தே ஆகிய விழாக்களை வெளிப்படையாகவே நீக்கியது. அவற்றுக்கு ஈடாக, வேலையாள்களுக்கும் மாணவருக்கும் தொழில் பயிலுநருக்கும் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை ஓய்வுநாளாக வழங்கப்பட்டது. கணக்குப் பார்ப்பின் தொழிலாளிக்கு இதில் நட்டம் இல்லை. ஆயினும் செவ்வாய்க்கிழமையை எவரும் பாடிக்கொண்டாடவில்லை.

இத்தடையைத் தனியொருவராக ஒலிவர் குரொம்வெல் விதித்தார் என இன்றும் பலர் கூறுவர். அது தவறு. மேற்கூறிய சட்டங்கள் யாவும் அவர் ஆட்சித் தலைவராவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே பாராளுமன்றத்தால் இயற்றப்பட்டவை.

சட்டத்தின் பின் வந்த முதல் நத்தார் 1647இல். இலண்டனில் கோர்ன்ஹில் தெருவின் நீர்த்தொட்டியைத் தொழில் பயிலுநர் பசுந்தழைகளால் அலங்கரித்தனர். அதனை அகற்றுவதற்கு நகரபிதா தாமே குதிரையேறி வரவேண்டியதாயிற்று. இந்த இளைஞரைப் பழமைவாதிகள் என ஒதுக்கிவிட முடியாது. ஆறு ஆண்டுகளுக்கு முன்னர், 1641ஆம் ஆண்டு நத்தார் விடுமுறையில், ஆயர்கள் வேண்டாம் என முழங்கி வெஸ்மின்ஸ்ரரை நெருக்கிய கூட்டத்திலும் இதே வகுப்பினரே முன்னின்றனர். ஆயரை எதிர்த்தவன் பசுந்தழையை எதிர்க்கவில்லை. அதிகாரத்துக்கு எதிரான கிளர்ச்சியையும் மரபின் மீதான பற்றையும் ஒரே மனிதன் ஒரே நெஞ்சில் வைத்திருத்தல் கூடும் என்பதை வரலாற்று மாணவர் அடிக்கடி மறந்துவிடுகின்றனர்.

கன்ரபரி நகரில் நிலைமை முற்றியது. அவ்வாண்டு டிசெம்பர் 25 சனிக்கிழமை, சந்தை நாள். சந்தை வழமைபோல் நடைபெறல் வேண்டும், கடைகள் திறந்திருத்தல் வேண்டும் என நகரபிதா கட்டளையிட்டார். திறந்தவை ஒருசில கடைகளே. மக்கள் அவற்றின் பொருள்களை வீதியில் எறிந்தனர். தலையிட்ட நகரபிதா அடிபட்டு வீழ்ந்தார். கூட்டத்தின் நடுவே உதைபந்துகள் வீசப்பட்டன; வீட்டு வாயில்களில் ஹொலிக் கிளைகள் நாட்டப்பட்டன; கடவுளுக்காகவும் மன்னனுக்காகவும் கென்ற் மாகாணத்துக்காகவும் என முழக்கம் எழுந்தது. விழாவுக்காக எழுந்த குரலில் மன்னனின் பெயர் எப்போது கலந்தது என்பதைப் பிரித்தறிவது கடினம். சில நாள்கள் நகரம் கலகக்காரரின் கையில் இருந்தது. பின்னர் வந்த பாராளுமன்றப் படையினர் நகர வாயிற்கதவுகளை எரித்தனர். 1648 மே மாதத்திற் கலகக்காரரை விசாரிப்பதற்குக் கூடிய யூரிமார், குற்றஞ்சாட்டுவதற்கு ஆதாரமில்லை எனக் கூறி வழக்கைத் தள்ளினர். அம்மன்றிலேயே உருவாகிய மனுவொன்று மாகாணமெங்கும் பரவியது. பாராளுமன்றம் அதனை அடக்க முயன்றது. சில வாரங்களுக்குள் கென்ற் மாகாணம் ஆயுதமேந்தியது. இரண்டாம் உள்நாட்டுப் போரின் ஒரு முனை அதுவாயிற்று. ஜூன் 1ஆம் நாள் மெயிட்ஸ்ரன் நகரில் தளபதி பெயார்பக்ஸ் அக்கிளர்ச்சியை முறியடித்தார். மறு ஆண்டு ஜனவரி 30இல் மன்னனின் தலை வீழ்ந்தது. நத்தார்க் கலகமே மன்னனைக் கொன்றது எனக் கூறுதல் மிகை. ஆயினும் இரண்டாம் போர் மூண்டமையாலேயே மன்னனோடு இனிச் சமரசமில்லை என்ற முடிவுக்குப் படையினர் வந்தனர். அப்போருக்குச் சென்ற பாதைகளுள் ஒன்று கன்ரபரிச் சந்தையிலிருந்து தொடங்கியது என்பதை மறுத்தல் இயலாது.

இத்தடையின் காரணங்களை ஆராய்ந்தோருட் கிறிஸ்தோபர் ஹில் முக்கியமானவர். எழுச்சி பெற்றுவந்த கைத்தொழில், வணிக வகுப்பினருக்கு ஒழுங்கான வேலை வாரம் தேவைப்பட்டது. ஆண்டு முழுவதும் சிதறிக்கிடந்த திருநாள்கள் அதற்கு இடையூறாயின. ஓய்வுநாள் ஒன்றே போதும் என்ற தூய்மைவாதக் கோட்பாடு அத்தேவையோடு பொருந்தியது என்பது 1964இல் வெளிவந்த அவரது நூலின் கருத்து. மாதந்தோறும் வழங்கப்பட்ட செவ்வாய்க்கிழமையை நோக்குமிடத்து இவ்விளக்கத்தின் வலிமை புலனாகும். ஒழுங்காக, முன்கூட்டியே கணக்கிடத்தக்கதாக அமைந்த ஓய்வு அது. எனினும் இவ்விளக்கம் தடை விதித்தோரைப் பற்றித் தெளிவாகக் கூறுமளவுக்குத் தடையை மீறியோரைப் பற்றிக் கூறவில்லை. அப்பக்கத்தை நிரப்பியவர்கள் கோயிற் கணக்கேடுகளை ஆராய்ந்த பிற்கால ஆய்வாளர்களே. ஜோன் மொறில் 1982இல் வெளியிட்ட கட்டுரையும் றொனால்ட் ஹற்றன் 1994இல் வெளியிட்ட நூலும் இவ்வகையில் விதந்து கூறத்தக்கன. அப்பமும் திராட்சை இரசமும் எப்போது வாங்கப்பட்டன எனக் கணக்கெழுதிய கிராமத்துக் கோயிலதிகாரிகள், தம்மை அறியாமலே வரலாற்றுக்குச் சாட்சியம் அளித்துச் சென்றனர். தடைக்குப் பின்னரும் பழைய திருநாள்களைப் பேணிய கோயில்கள் ஒருசில அல்ல. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அவற்றின் தொகை அருகியது.

தடையின் விளைவை உணர்ந்துகொள்வதற்கு இரு காட்சிகள் போதும். முதலாவது, 1656 டிசெம்பர் 25. அன்று பாராளுமன்றம் கூடியிருந்தது. தோமஸ் பேர்ட்டன் என்னும் உறுப்பினரின் நாட்குறிப்பு அன்றைய உரையாடலைத் தருகின்றது. அயல் வீட்டாரின் நத்தார் ஆயத்தங்களால் இரவில் உறக்கமில்லை என ஓர் உறுப்பினர் முறையிடுகின்றார். கோபுரக் கோட்டையிலிருந்து வெஸ்மின்ஸ்ரர் வரை நடந்தாலும் திறந்த கடை ஒன்றைக் காணமுடியாது என மற்றொருவர் அங்கலாய்க்கின்றார். சட்டம் பிறந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் நாட்டின் தலைநகரில் இதுவே நிலை. சபையிலும் பல ஆசனங்கள் வெறுமையாயிருந்தன.

இரண்டாவது, மறு ஆண்டின் அதே நாள். இலண்டன் ஸ்ராண்ட் வீதியில் எக்செற்றர் மாளிகையின் சிற்றாலயத்தில் ஜோன் ஈவ்லின் தம் மனைவியோடு நத்தார் வழிபாட்டிற் கலந்துகொண்டார். நற்கருணை வழங்கப்படும் வேளையில் ஆலயம் படையினராற் சூழப்பட்டது. பீடத்தை நோக்கிச் சென்றோர்மீது சிப்பாய்கள் துவக்குகளை நீட்டினர். எனினும் எவரும் திரும்பவில்லை. வழிபாடு முடியும்வரை படையினரும் பொறுத்திருந்தனர். பிற்பகலிற் படைத்தளபதிகள் ஈவ்லினை விசாரித்தனர். தடைசெய்யப்பட்ட மூட நாளை ஏன் அனுட்டித்தாய் என்பதும், சார்ள்ஸ் ஸ்துவார்ட்டுக்காக மன்றாடினாயா என்பதும் வினாக்கள். கிறிஸ்தவ அரசர் அனைவருக்காகவும் மன்றாடியதாக அவர் விடையிறுத்தார். இறுதியில் விடுவிக்கப்பட்டு வீடு சென்றார்.

இவ்விரு காட்சிகளையும் அருகருகே வைத்து நோக்குக. பூட்டிய கடையையும் சமையலறையின் ஓசையையும் பாராளுமன்றத்தால் எதுவும் செய்ய முடியவில்லை. வழிபாட்டையோ துவக்கு முனையிற் சூழ முடிந்தது. ஆலயக் கதவைக் காவல் செய்தல் எளிது. அடுப்பங்கரையைக் காவல் செய்ய எந்த அரசிடமும் போதிய சிப்பாய்கள் இல்லை. இதன் விளைவு தூய்மைவாதிகளின் நோக்கத்துக்கு நேர்மாறானது. அவர்கள் வெறுத்த இறைச்சியும் மதுவும் சூதும் தப்பிப் பிழைத்தன. அவர்கள் உண்மையில் நேசித்த மறைநூல் வாசிப்பும் பிரசங்கமும் மன்றாட்டுமே அந்நாளிலிருந்து பறிபோயின. இயேசுவின் பிறப்பைக் களியாட்டத்திலிருந்து மீட்கப் புறப்பட்டவர்கள், களியாட்டத்தை இயேசுவிடமிருந்து பிரித்து அதற்குத் தனிவாழ்வு அளித்துச் சென்றனர். நத்தார் உலகியல் விழாவாக மாறியமைக்கு வணிகரை மட்டுமே குறைகூறுவோர் இதனையும் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

1660இல் இரண்டாம் சார்ள்ஸ் நாடு திரும்பியதும் மன்னனின் இசைவின்றி இயற்றப்பட்ட சட்டங்கள் யாவும் செல்லாதனவாயின. அவ்வாண்டு டிசெம்பரிற் கோயிலுக்குச் சென்ற சாமுவேல் பெப்ஸ், தமது ஆசனம் றோஸ்மேரித் தழைகளால் அலங்கரிக்கப்பட்டிருந்ததை நாட்குறிப்பிற் பதிந்துள்ளார். தடைக்காலத்தைப் பற்றி அவர் அங்கு எதுவும் எழுதவில்லை.

தடை கடல்கடந்த இடங்களில் நீண்டகாலம் நிலைத்தது. 1621 டிசெம்பர் 25இல் அமெரிக்காவின் பிளிமத் குடியேற்றத்திற் புதிதாக வந்தோர் சிலர், அன்று வேலை செய்வது தம் மனச்சாட்சிக்கு ஒவ்வாது என்றனர். ஆளுநர் பிரட்போர்ட் அதனை ஏற்றுக்கொண்டு ஏனையோருடன் வேலைக்குச் சென்றார். நண்பகலில் திரும்பியபோது அவர்கள் வீதியில் விளையாடக் கண்டார். விளையாட்டுக் கருவிகளைப் பறித்த அவர், பிறர் உழைக்கையில் நீங்கள் விளையாடுவது என் மனச்சாட்சிக்கு ஒவ்வாது என்றார். மனச்சாட்சிக்கு மனச்சாட்சியால் விடையளித்த அந்த ஆளுநரின் சமத்காரத்தைப் பாராட்டாதிருக்க முடியவில்லை. எனினும் ஒருவரின் மனச்சாட்சியின் பக்கம் மட்டுமே அதிகாரம் இருந்தது என்பதும் உண்மை. 1659இல் மசச்சூசெற்ஸ் குடியேற்றம் நத்தார் கொண்டாடுவோருக்கு ஐந்து சிலிங் தண்டம் விதித்தது. 1681இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் நத்தார் அங்கு சட்டபூர்வமான விடுமுறையாவதற்கு 1856 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஸ்கொத்லாந்தின் கதை இன்னும் நீண்டது. 1640இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் நத்தார் விடுமுறையை ஒழித்தது. மன்னராட்சி மீண்டபின் அது திரும்பியது. 1690இல் மீண்டும் ஒழிக்கப்பட்டது. 1712இல் அத்தடைச் சட்டம் நீக்கப்பட்டபோதிலும் மக்களின் வழக்கம் சட்டத்தைப் பின்தொடரவில்லை. தலைமுறை தலைமுறையாக ஸ்கொத்லாந்தின் தொழிலாளர் டிசெம்பர் 25இல் வேலைக்குச் சென்று, புத்தாண்டு நாளிலேயே விருந்துண்டனர். இங்கிலாந்தின் மக்கள் சட்டத்தை மீறி விழாவைக் காத்தனர் எனின், இங்கு மக்கள் சட்டம் மறைந்த பின்னரும் விழாவின்மையைக் காத்தனர். நத்தார் அங்கு பொது விடுமுறையானது 1958ஆம் ஆண்டிலேயாகும்.